மூளைத் திசு சொல்லும் கணக்கு



சுங்கை வேயிலிருந்து கோலாலம்பூர் செல்லும் வழியில், லெம்பா பந்தாயில் மலாயாப் பல்கலைக்கழக மருத்துவ மையம் இருக்கிறது. நோயாளியின் கட்டிலருகே வராமலே நோயைக் கண்டுபிடிக்கும் மருத்துவர்கள் அங்கே உண்டு. உடலிலிருந்து எடுத்த சிறு துண்டை, அதாவது திசுவை, மெழுகில் பதித்து, தாளினும் மெல்லிய சீவலாக்கி, சாயமேற்றி, உருப்பெருக்கியில் பார்ப்பது அவர்கள் வேலை. மூளை, முதுகுத்தண்டு நோய்களில் எவை இப்படிப்பட்ட கூடங்களில் அதிகம் தென்படுகின்றன என்று இன்று பார்ப்போம்.

உயிரோடிருப்பவரிடமிருந்து வரும் மூளைத் திசுக்களில் பெரும்பாலானவை கட்டிகளே. மூளை உறையில் வளரும் மெனிஞ்சியோமா, மூளைக்குள்ளேயே எழும் கிளையோமா, நுரையீரலிலோ மார்பகத்திலோ தொடங்கி மூளைக்குப் பரவிய புற்றுநோய் ஆகியவை முக்கியமானவை. அதனால் மூளை நோய் என்றாலே கட்டிதான் என்று எண்ணிவிட வேண்டாம். பக்கவாதம் எத்தனை வீடுகளில் ஆளைப் படுக்கையில் தள்ளியிருக்கிறது! அதற்காக யாரும் மண்டையைத் திறந்து திசு எடுப்பதில்லை. ஸ்கேன் படம் போதும். முதுகுத்தண்டில் கத்தி பட்டால் கால் விளங்காமல் போகலாம். ஆகவே அதன் திசு வருவது இன்னும் அரிது. கூடத்தின் கணக்கு வேறு, ஊரின் கணக்கு வேறு.

காலமும் இடமும் மாறினால் கணக்கும் மாறும். 1950, 60களில் சென்னையில் டாக்டர் பி. ராமமூர்த்தி மூளை அறுவை செய்த காலத்தில், கட்டி என்று எடுத்தவற்றில் கணிசமானவை காசநோயால் வந்த கழலைகள். மேல்நாடுகளில் அவை அதற்குள் அருகிவிட்டன.

அடிக்கடி வரும் நோய்தான் இதுவும் என்று முடிவுகட்டினால் என்ன ஆகும்? நம் நாட்டிலேயே பார்த்தோம். 1998 செப்டம்பரில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சலும் நினைவு மயக்கமும் கண்டன. பிறகு அது நெகிரி செம்பிலானில் சிக்காமாட், புக்கிட் பெலாண்டோக் என்று பரவியது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றார்கள். பன்றியிடமிருந்து கொசு கொண்டுவரும் நோய் அது. சந்தேகத்துக்கு நியாயம் இருந்தது. புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். ஆனால் அந்த நோய் பெரும்பாலும் பிள்ளைகளைத் தாக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியோடு பழகிய ஆடவர்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள்.

1999 மார்ச் மாதம், மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து புதிய கிருமியைப் பிரித்தெடுத்தார். அமெரிக்கக் கூடங்களும் அது புதியதென உறுதி செய்தன. கம்போங் சுங்கை நிப்பாவின் பெயரால் அது நிப்பா ஆயிற்று. குற்றவாளி கொசு அல்ல, நோயுற்ற பன்றியின் நெருக்கம். பத்து லட்சம் அளவிலான பன்றிகள் கொல்லப்பட்டன. மலேசியாவில் நோய் கண்ட 265 பேரில் 105 பேர் இறந்தனர்.

இறந்தவர்களில் 32 பேரின் திசுக்களை டாக்டர் வோங் கும் தோங் முதலானோர் ஆராய்ந்தனர். மூளையின் நுண்ணிய இரத்தக் குழாய்களின் சுவர் புண்பட்டு, இரத்தம் உறைந்து அடைத்து, சுற்றியிருந்த பகுதி பட்டுப்போயிருந்தது. நரம்பு உயிரணுக்களிலும் கிருமி இருந்தது. கிருமி யார் என்று தண்டுவட நீர் சொன்னது. எப்படிக் கொன்றது என்று திசு சொன்னது.

நம்மவர் வீடுகளில் பிரேதப் பரிசோதனை என்றாலே, "போன உயிரை ஏன் வதைக்கிறீர்கள்?" என்று கேட்பார்கள். துக்கத்தில் அது இயல்பே. எனினும் மருத்துவர் அனுமதி கேட்டால், எதைத் தேடுகிறார், எவ்வளவு எடுப்பார், உடல் எப்போது கிடைக்கும் என்று விசாரித்துவிட்டு முடிவு சொல்லலாம். சட்டப்படி நடக்கும் பரிசோதனை வேறு. அங்கே நம் சம்மதம் கேட்பதில்லை.

2018 மே மாதம் கேரளத்தில் கோழிக்கோட்டுப் பக்கம் ஒரே குடும்பத்தில் இரண்டாவது ஆள் விழுந்தபோதே மருத்துவர்கள் ஐயுற்று மாதிரிகளை மணிப்பாலுக்கு அனுப்பினார்கள். நிப்பா என்ற பெயர் அப்போது பட்டியலில் இருந்தது.