உட்காரும் வேரில் பிறந்த நடை



ருஷ்ய மொழியில் 'போகிறேன்' என்பதற்கு 'இதூ'. 'போனான்' என்பதற்கு 'ஷோல்'. ஒரே வினை, ஆனால் ஓர் ஒலிகூட ஒட்டவில்லை. 'இதூ'வின் குடும்பம் தெரிந்ததுதான்: லத்தீன் 'ஈரே', லிதுவேனிய 'எய்தி', வடமொழி 'ஏதி'. 'ஷோல்' எங்கிருந்து வந்தது? அதைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

ஸ்லாவிய மூலமொழியில் எழுதப்பட்ட ஒரு வரிகூட நமக்குக் கிடைக்கவில்லை. கிரிலும் மெதோடியஸும் 863-இல் மொராவியாவுக்குப் புறப்பட்ட காலத்தில்தான் ஸ்லாவியருக்கு எழுத்தே அமைந்தது. அதனால் மூலமொழிச் சொற்களை அறிஞர்கள் உடுக்குறி இட்டே எழுதுவார்கள். அப்படி மீட்ட ஒரு சொல் 'ஹொதிதி': நடத்தல். 'ஷோல்' அதன் நெருங்கிய உறவு.

ஸ்லாவியத்தின் இந்த 'ஹ்' பல சொற்களில் பழைய 'ஸ்'தான். ர், உ, க், இ ஆகியவற்றை அடுத்து வந்த 'ஸ்' அப்படித் திரிந்தது. டென்மார்க் அறிஞர் ஹோல்கர் பெடர்சன் 1895-இல் இதை விரிவாக எழுதினார். ஆனால் சொல்லின் முதலில் நிற்கும் 'ஸ்' திரியாதே! விடை முன்னொட்டுகளில் இருக்கிறது. 'ப்ரி', 'பெர்', 'உ' ஆகியவை வந்து சேர்வதையும் கடப்பதையும் அகல்வதையும் குறித்தன. அவற்றின் பின்னே நின்ற 'ஸ்' திரிந்தது. முன்னொட்டு கழன்ற பிறகும் திரிந்த ஒலி பழைய நிலைக்குத் திரும்பவில்லை.

அந்த வேர் 'ஸெத்'. பொருள், உட்கார்தல்! ருஷ்யரின் 'சிதேத்' இன்றும் உட்கார்தலே. இதற்குச் சான்று நம் காதிலேயே உண்டு. வடமொழியில் அதே வேர் தனியே நின்றால் 'ஸதஸ்'. 'பரி' சேர்ந்தால் 'பரிஷத்'. இங்கும் இகரத்துக்குப் பின் 'ஸ்' திரிகிறது. இரண்டையும் நம் சங்கீத சபைகளும் பண்டித அவைகளும் அறியும்.

உட்கார்தல் எப்படி நடத்தலாயிற்று? வண்டியில் அமர்ந்து போனதால் என்பார் உண்டு. முன்னொட்டே பொருளைத் திருப்பியது என்ற கருத்துத்தான் எனக்கு ஏற்புடையது. வடமொழியில் 'ஆ' சேர்ந்தால் அதே வேர் அணுகுதலைக் குறிக்கிறது. கிரேக்கரின் 'ஹொதொஸ்', பாதை, இதே வேரினது என்பர்.

பிறகு அந்த 'ஹ்' ஒரு குற்றிகரத்தின் முன் 'ஷ்' ஆயிற்று. வேரின் 'த்'தைப் போலந்துக்காரர் ஆண்பால் வடிவில் இன்னும் எழுதுகிறார்கள், ருஷ்யர் விட்டுவிட்டார்கள். 'போனாள்' என்பதற்கு அவர்கள் சொல்வது 'ஷ்லா'. அதில் வேருக்கு உரியதாக எஞ்சியிருப்பது முதல் மெய் ஒன்றே. அதுவும் இருமுறை திரிந்தது.