உழைக்க இயலாதார் உரிமை



நோயாலோ விபத்தாலோ உழைக்க இயலாது போன தொழிலாளிக்கு நாம் இரங்குகிறோம். சிறிது பணமுஞ் சேர்த்துக் கொடுக்கிறோம். சட்டப்படி அவருக்குச் சேரவேண்டிய பணம் உண்டோவென விசாரித்தோமா?

1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டப்படி, சம்பளத்தில் நூற்றுக்கு 8 வீதம் ஊழியரும், 12 வீதம் தொழில்தருநரும் குறைந்தது செலுத்துதல் வேண்டும். ஆண்கள் 55, பெண்கள் 50 வயதிற் பெறும் இப்பணத்தை, நிரந்தரமாகவும் முழுமையாகவும் வேலைசெய்ய இயலாதவரானோர் அதற்கு முன்னரே பெறலாம். நோயுற்றிருப்பது மாத்திரம் போதாது. இயலாமையை வைத்தியர் சான்றுப்படுத்த வேண்டும்.

ஆயினும், தொழில்தருநர் பணங் கட்டாதிருந்தால் கணக்கில் என்ன இருக்கும்? நாட்கூலி பெறுவோரும் இச்சட்டத்துள் அடங்குவர் என்பதைப் பலர் அறியார். கட்டாதவர்மீது தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். உடல் நலமாயிருக்கும்போதே முறையிடுதல் நன்று.

படித்த நாம் செய்யத்தக்க தொண்டு இதுவே: அயலிலுள்ள தொழிலாளியிடம் அங்கத்துவ இலக்கத்தைக் கேட்போம், கணக்கைப் பார்த்துச் சொல்வோம், இயலாதவருக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுப்போம். அவர் வியர்வையில் விளைந்த பணம் அவர் கையிற் சேரட்டும்.