கொடுக்கல் வாங்கலில் நாணயம்
(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



நாணயம் என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையில் புழங்கும் காசும் நாணயமே. அக்காசைக் கையாளும் மனிதரின் நேர்மையும் நாணயமே. முன்னது நம் முன்னோரிடம் இருந்ததில்லை. பின்னதற்கு அவர்களிடம் குறைவில்லை. ஆயினும் திருடாதே என்னும் போதனை அவர்களை நோக்கியே ஓயாது உரைக்கப்பட்டது. களத்துமேட்டில் குறை மரக்காலால் கூலிநெல் அளந்தவரும், வெற்றுத் தாளில் கைநாட்டு வாங்கி வட்டிக்கு வட்டி ஏற்றியவரும் கனவான்கள் எனப்பட்டனர்.

திருமறையோ வலியவன் கையிலிருந்தே கணக்கைத் தொடங்குகிறது. அன்றாடக் கூலியை ஓர் இரவுகூட நிறுத்தி வைக்கலாகாது என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் விதிக்கிறது. தராசும் படியும் சரியாயிருக்க வேண்டும் என்பதும் அதே அதிகாரத்தின் கட்டளையே. உபாகமம் 25ஆம் அதிகாரம் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. பெரிதும் சிறிதுமாக இருவகை எடைக்கற்களைப் பையில் வைத்திருப்பதையே அது விலக்குகிறது. எப்பாவைச் சிறிதாக்கிச் சேக்கலைப் பெரிதாக்கிய வணிகரைக் கண்டித்த ஆமோஸ், ஆடு மேய்த்தும் காட்டத்தி மரங்களைப் பேணியும் பிழைத்தவர். அறுவடை செய்தோருக்குக் கொடாத கூலியே கூக்குரலிடும் என்கிறது யாக்கோபின் நிருபம். நம் நாட்டில் 1976இல் இயற்றப்பட்ட கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமைக் கடனைத் திருப்பித் தரும் பொறுப்பையே நீக்கியது. கடன் என்ற பெயரில் நடந்தது கொள்ளை என்பதை நாடே ஒப்புக்கொண்ட நாள் அது.

இளைஞர்களே! இதுவரை கூறியது நமக்கு இனிக்கும். இனிக் கூறுவது சற்றே கசக்கும். கல்வி நம் நிலையை மாற்றியிருக்கிறது. இன்று நம்முள் ஆசிரியர் உளர், எழுத்தர் உளர், கடைக்காரரும் ஒப்பந்தக்காரரும் உளர். அன்று பிறர் கையில் இருந்த மரக்கால் இன்று நம் கைக்கும் வந்திருக்கிறது. நம் வீடு கட்டும் சித்தாளின் கூலியை நாளை வா என்று நாம் தள்ளிப்போட்டால், களத்துமேட்டுக் கனவானுக்கும் நமக்கும் என்ன வேற்றுமை?

நம் சங்கப் பணத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். கி.பி. முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எருசலேமின் ஏழைகளுக்காகப் பவுல் அப்போஸ்தலர் நிதி திரட்டினார். கொடிய வறுமையில் இருந்த மக்கெதோனியச் சபைகளும் மனமுவந்து கொடுத்தன. அப்பணியில் பவுல் தனித்து நிற்கவில்லை. தீத்துவுடன் வேறு இரு சகோதரரையும் அனுப்பினார். அவர்களுள் ஒருவர் சபைகளே தெரிந்தெடுத்தவர். கடவுள் முன் மட்டுமன்றி மனிதர் முன்னும் பழுதற்றிருக்க வேண்டும் என்று 2 கொரிந்தியர் 8ஆம் அதிகாரத்தில் அவர் காரணம் காட்டுகிறார். அப்போஸ்தலருக்கே சாட்சி தேவைப்பட்டது என்றால், பொருளாளரிடம் கணக்குக் கேட்பது எப்படி அவமதிப்பாகும்? நம் உண்டியலில் விழுவது நாற்று நட்ட கையின் காசு. அதில் ஒரு ரூபாய் கரைந்தால், ஒரு பிள்ளையின் நோட்டுப் புத்தகம் கரைகிறது.

தவறியவருக்கும் வழி உண்டு. வரி வசூலித்த சகேயு மனந்திரும்பியபோது கண்ணீரோடு நிற்கவில்லை. தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்கு அளித்து, வஞ்சித்துப் பெற்றதை நாலத்தனையாய்த் திருப்பித் தர முன்வந்தார். தவற்றை அறிக்கையிடுபவர் முதலுடன் ஐந்தில் ஒரு பங்கு சேர்த்துக் கொடுத்தால் போதும் என்பதே நியாயப்பிரமாணம். சகேயு அதற்கும் மேலே சென்றார். எனவே, வாங்கிய பணத்தை வைத்துக்கொண்டு காணிக்கை மட்டும் செலுத்துவது மனந்திரும்புதல் ஆகாது.

ஆகவே, வரவுக்குப் பற்றுச்சீட்டு, செலவுக்கு இருவர் கையொப்பம், ஆண்டுதோறும் பொதுக்குழுவில் கணக்கு வாசிப்பு ஆகிய மூன்றையும் உறவு பாராமல் காப்போம். நம்மை இழித்தவர்கள் நற்சான்று தர வேண்டும் என்பதற்காக அன்று. குறை மரக்காலின் வலியை நாம் அறிவோம் என்பதற்காகவே. அந்த வலியை நம் கையால் இன்னொருவருக்குத் தராதிருப்பதே நாம் பெற்ற கல்வியின் பயன்.