‘லாம்’ வேறு, ‘வேண்டும்’ வேறு

அம்பத்தூர்த் தமிழன்பர்களே! ஆங்கிலத்தில் ‘மே’ என்பது நம் ‘லாம்’ ஈறு. ‘சல்’ என்பது ‘வேண்டும்’. 1963ஆம் ஆண்டின் ஆட்சிமொழிச் சட்டம், 1965 சனவரி 26-க்குப் பின்னும் இந்தியோடு ஆங்கிலத்தைப் பயன்படுத்த‘லாம்’ என்றது. இரண்டும் ஒருபொருளனவே என்றார் நேரு. அங்ஙனமாயின் ‘சல்’ என்றே எழுதத் தடை யாது என மாநிலங்களவையில் வினவினார் அண்ணா. ‘வரலாம்’ என்பவன் வாராதும் போகலாம்; இஃது ஆறாம் வகுப்பு மாணவனுக்கும் விளங்கும். தலைமையமைச்சர்க்கு விளங்கவில்லை என நம்புவதற்கில்லை! சட்டம் திருந்தவில்லை. 1965 சனவரி 27-இல், இங்கிருந்து தொலைவில்லாத விருகம்பாக்கத்து அரங்கநாதன் தீக்குளித்து மாண்டார். மாணவர் கிளர்ச்சியில் துப்பாக்கிக் குண்டுக்கும் பலர் இரையாயினர். இந்தியை ஆட்சிமொழியாக ஏலாத மாநிலங்களோடு நடுவணரசு ஆங்கிலத்தில் தொடர்பு கொள்ளல் ‘வேண்டும்’ என்னும் சொல், 1967ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால்தான் உள்ளே நுழைந்தது.