பெயரில்லாப் பாத்திரம்

தோழர்காள்! தாம்பரம் மேடையிலே கேட்டதை உங்களிடமும் கேட்கிறேன்: நாடகத்திலே காப்பி கொண்டுவரும் பெண்ணுக்குப் பெயர் உண்டா? நாயகிக்குப் பக்கம் பக்கமாக வசனம். அவளுக்கோ "வந்துட்டேனுங்க", அவ்வளவே! முகத்திலே கரியைப் பூசிவிட்டால் போதும், கொட்டகை சிரிக்கும்.

ஆங்கிலேயர் மட்டும் என்ன வாழ்ந்தார்கள்? 1847இல் வந்த 'ஜேன் அயர்' நாவலிலே, நாயகனின் ஜமைக்கா மனைவி மாடியறையில் பூட்டப்பட்டாள். கேட்டதெல்லாம் உறுமலும் சிரிப்புமே. அவள் தன் கதையைச் சொல்ல, ஜீன் ரைஸ் என்னும் பெண் எழுத்தாளர் 1966இல் வேறொரு நாவல் எழுதவேண்டியிருந்தது!

அண்ணாவோ பணிப்பெண்ணையே தலைப்பாக்கினார். 'வேலைக்காரி' 1949இல் திரைக்கும் வந்தது. பூரித்தோம், கைதட்டினோம். ஆனால் நான்?

சென்ற மாதம் குரோம்பேட்டை ஒத்திகையிலே, துடைப்பத்தோடு நின்ற அம்மையார் கேட்டார்: "தம்பி, எனக்கு என்ன பேரு?"

பிரதியைப் புரட்டினேன். 'குப்பைக்காரி' என்றிருந்தது, என் கையெழுத்திலே.