மயக்கம் தெளிந்த பிறகு
(நூற்றாண்டு விழாவில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



என் தொழில் மயக்க மருந்து கொடுப்பது. இன்று உங்களைத் தூங்க வைக்காமல் பேச முயல்கிறேன்.

பசறை, நமுனுகுலப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து இடுப்பெலும்பு முறிந்து வருகிற அம்மாயிமாரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். மழையில் வழுக்கும் லயத்துப் படி, இருட்டில் வெளியே போக வேண்டிய கழிப்பறை, விழுந்துவிடுகிறார்கள். சத்திரசிகிச்சை என்றதும் பிள்ளைகள் கேட்பது ஒன்றுதான்: "மயக்க ஊசி போட்டா மூளை கலங்கிடும்னு சொல்றாங்களே, டொக்டர்?" சிலர் கையெழுத்து வைத்து வீட்டுக்கே கூட்டிப் போய்விடுகிறார்கள். படுக்கைப் புண், நிமோனியா, காலில் இரத்தக்கட்டி என்று அங்கே காத்திருப்பது அதைவிடக் கொடியது.

அந்தப் பயம் வெறும் லயத்துப் பேச்சு அல்ல. 1955இல் பெட்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய வைத்தியர் இதே முறைப்பாட்டை 'லான்செட்' சஞ்சிகையில் எழுதினார். 1998இல் அதே சஞ்சிகையில் வந்த பன்னாட்டு ஆய்வு, பெரிய சத்திரசிகிச்சை செய்த 60 வயதுக்கு மேற்பட்ட 1,218 பேரைப் பரிசோதித்தது. ஒரு வாரத்தில் நால்வரில் ஒருவருக்கு நினைவும் கவனமும் குறைந்திருந்தன. மூன்று மாதத்தில் அது பத்தில் ஒருவராகக் குறைந்தது.

இதைவிடக் குடும்பத்தை மிரட்டுவது முதல் சில இரவுகளில் வரும் குழப்பம், டெலீரியம் என்போம். இரண்டாம் நாள் இரவு ஓர் அம்மாயி எழுந்து, "கங்காணி பேர் போட்டுட்டாரு, என் கூடை எங்க?" என்று தேடுவார். மகளுக்கு உயிரே போய்விடும். பைத்தியமுமில்லை, பேயுமில்லை. பெரும்பாலும் சில நாட்களில் தெளியும். சத்தம் போடுபவரை எல்லோரும் கவனிப்பார்கள். சுவரைப் பார்த்துப் பேசாமல் படுத்திருப்பவருக்கும் இதே குழப்பம் இருக்கலாம். அவரைத்தான் தவறவிடுகிறோம்.

மயக்கத்தில் மூளை அணைந்துவிடுவதில்லை. நெற்றியில் மின்வாய் ஒட்டினால் அதன் அலைகள் திரையில் தெரியும். இளையவரிடம் வினாடிக்குப் பத்து முறை போல ஓடும் அலை பலமாக இருக்கும், முதியவரிடம் மெலிந்திருக்கும். மருந்து சற்றுக் கூடினாலும் கோடு இடையிடையே தட்டையாகிவிடும். நாற்பது வயதுக்குப் பின் ஒவ்வொரு பத்தாண்டுக்கும் தேவையான மயக்க வாயு ஏறத்தாழ 6 சதவீதம் குறைகிறது. அலையைப் பார்த்து மருந்தைக் குறைத்தால் குழப்பம் வராது என நம்பினோம். சில ஆய்வுகளில் பலன் தெரிந்தது; 2019இல் 1,232 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வில் தெரியவில்லை.

அப்படியானால் முதுகில் ஊசி போட்டு மரக்கச் செய்தால் போதாதா? 2021இல் வெளிவந்த இரு பெரிய ஆய்வுகள் இடுப்பெலும்பு முறிந்தவர்களிடம் இதைத்தான் ஒப்பிட்டன. குழப்பம் இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவுதான். ஆகவே பழியை மயக்க மருந்தின் மீது மட்டும் போட முடியாது. முறிவும் வெட்டும் உடலில் எழுப்பும் அழற்சி, வலி, தூக்கமின்மை, கிருமித்தொற்று, போகாமல் நிற்கும் சிறுநீர், ஏற்கெனவே தொடங்கியிருந்த மறதி எல்லாம் சேர்ந்த கணக்கு அது.

மறதி முன்பே இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். தாத்தா தினமும் குடிப்பவரா? அதையும் வெட்கப்படாமல் சொல்லுங்கள். திடீரென நின்றால் அதுவே குழப்பத்தைக் கொண்டுவரும். மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் பத்திரமாக வீட்டில் பூட்டி வைக்காதீர்கள். மயக்கம் தெளிந்ததும் கையில் வேண்டும்.

தோட்டத்துக்குள்ளேயே வாழ்ந்த அம்மாயி கண் விழிக்கும்போது சுற்றிலும் சிங்களப் பேச்சாக இருந்தால், தாதிமார் எவ்வளவு அன்பானவர்களாக இருந்தாலும், இடம் பிடிபடாது. அனுமதி கேட்டு, பழகிய ஒருவர் பக்கத்தில் இருங்கள். கனடாவிலும் கொழும்பிலும் இருக்கிற தங்கைமார் தொலைபேசியில் எடுத்ததும் "என்னைத் தெரியுதா?" என்று பரீட்சை வைக்கிறீர்கள். வேண்டாம். "அம்மா, நான் உங்க மூத்த மக பேசுறேன். இன்னைக்குச் செவ்வாய்க்கிழமை. நீங்க பதுளை ஆஸ்பத்திரியில இருக்கீங்க, காலுக்கு ஒப்பரேஷன் முடிஞ்சிருச்சு" என்று நீங்களே சொல்லுங்கள். நாளைக்கும் அதையே சொல்லுங்கள்.