யாருடைய காடு, யார் விருந்தாளி?

(சூழல் சுற்றுலா குறித்து ராயக்கோட்டையில் இளைஞர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நம் தலைக்கு மேலே நிற்கிற இந்த மலைக்கோட்டையை 1791இல் மேஜர் கௌடியின் படை திப்புவிடமிருந்து பிடித்தது. அடுத்த ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் முழுவதும் கம்பெனியின் கைக்குப் போனது. இன்று கோட்டை தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பெங்களூரிலிருந்து வருகிறவர்கள் மலையேறுகிறார்கள், படம் எடுக்கிறார்கள், இறங்கிப் போகிறார்கள். நல்லதுதான். ஊர் சுற்றிப் பார்ப்பது மனிதர்களுக்கு மகிழ்ச்சி தருகிற விஷயம்.

ஆனால் அந்த மகிழ்ச்சி இந்த நாட்டில் எல்லாருக்கும் ஒன்றாகக் கிடைத்ததில்லை. 1934இல் அண்ணல் அம்பேத்கர் ஏறக்குறைய முப்பது தோழர்களுடன் எல்லோரா குகைகளைப் பார்க்கப் புறப்பட்டார். வழியில் தௌலதாபாத் கோட்டை. பயணத் தூசி போக, வாசலில் இருந்த குளத்தில் கைகால் கழுவினார்கள். தீண்டப்படாதவர்கள் குளத்தைத் தீட்டாக்கிவிட்டார்கள் என்று கூட்டம் கூடிவிட்டது. கடைசியில் கோட்டையைப் பார்க்க அனுமதித்தார்கள். ஆனால் உள்ளே எங்கும் தண்ணீரைத் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆயுதம் ஏந்திய காவலாளி ஒருவன் கூடவே வந்தான். நம் நாட்டுச் சுற்றுலா வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்தப் பக்கத்தையும் சேர்த்து எழுத வேண்டும்.

இப்போது சூழல் சுற்றுலாவுக்கு வருகிறேன். 2002ஐ ஐக்கிய நாடுகள் அவை சர்வதேச சூழல் சுற்றுலா ஆண்டாக அறிவித்தது. இயற்கை கெடக்கூடாது, வருகிறவர் கற்றுக்கொள்ள வேண்டும், உள்ளூர் மக்கள் பயனடைய வேண்டும் என்று அதற்கு மூன்று நிபந்தனைகள் சொல்கிறார்கள். மூன்றாவதில்தான் எனக்குக் கேள்வி. 'உள்ளூர் மக்கள்' என்பவர் யார்?

நம் ஊர்களில் அப்படி ஒரே மக்கள் கூட்டம் கிடையாது. ஊர் இருக்கிறது, காலனி இருக்கிறது, அதற்கும் அப்பால் இருளர் குடியிருப்பு இருக்கிறது. ரோட்டோரம் பட்டா நிலம் வைத்திருப்பவர் ரிசார்ட் கட்டலாம். கடனுக்கு ஈடு காட்ட முடிந்தவர் ஹோம்ஸ்டே நடத்தலாம். 'பாரம்பரிய வீட்டுச் சாப்பாடு' என்று விளம்பரம் போடும்போது யார் வீட்டு அடுப்பை மனதில் வைத்துப் போடுகிறார்கள்? கழிவறை கழுவவும் குப்பை அள்ளவும் ஆள் தேடும்போது எந்தத் தெருவுக்குப் போகிறார்கள்? சாதியைப் பேசாமல் 'உள்ளூர் மக்களுக்கு வேலைவாய்ப்பு' என்று சொன்னால், பழைய குலத்தொழிலுக்குப் பச்சைப் பெயிண்ட் அடித்ததாகத்தான் முடியும்.

இங்கிருந்து தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கம் போனால் காடு தொடங்குகிறது. 2014இல் காவிரி வடக்கு வனவுயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது, 504 சதுர கிலோமீட்டர். 2022இல் காவிரி தெற்கு, 686 சதுர கிலோமீட்டர். யானைக்குக் காடு வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. பன்னேர்கட்டாவிலிருந்து ஆண்டுதோறும் வருகிற யானைக் கூட்டம் இந்த வழியாகத்தான் நடக்கிறது. ஆனால் அந்த யானையைப் பார்க்கக் காசு கொடுப்பவர் ஒருவர், அது மிதித்த ராகிக் கொல்லையில் நின்று கணக்குப் போடுபவர் இன்னொருவர். இலாபம் ஒரு பக்கம், ஆபத்து மறுபக்கம் என்று பிரிந்துவிட்டால் அதை நிலைத்த வளர்ச்சி என்று எப்படிச் சொல்வது?

சட்டத்துக்கு வருவோம். ஆய்வுக்காக இரண்டு சட்டங்களை அருகருகே வைத்துப் படித்தேன். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, காட்டில் வாழும் மக்களுக்கான 13 வசதிகளைப் பட்டியலிடுகிறது. பள்ளிக்கூடம், மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, குடிநீர், சாலை என்று போகிறது அந்தப் பட்டியல். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான நிலம்தான், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டக்கூடாது, கிராம சபை பரிந்துரைக்க வேண்டும். இவை நியாயமான கட்டுப்பாடுகள்.

2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். வனத்துறையின் செயல்திட்டத்திலோ வனவுயிரின மேலாண்மைத் திட்டத்திலோ சேர்க்கப்பட்ட சூழல் சுற்றுலா வசதிகள் இனி 'காடல்லாத பயன்பாடு' ஆகாது என்று எழுதினார்கள். அந்த வரியில் ஹெக்டேர் அளவு இல்லை, மரக் கணக்கு இல்லை, கிராம சபை என்ற சொல்லே இல்லை. மலைக்கிராமத்தில் நோயாளியைத் தூளி கட்டித் தூக்கி வருகிற செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்? அந்த ஊருக்கு ரோடு போட ஆயிரம் கேள்வி. விருந்தாளிக்குக் குடில் கட்ட ஒரே ஒரு திட்ட அறிக்கை.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு 14 மாவட்டங்களில் 40 மலையேற்றப் பாதைகளைத் திறந்தது. பழங்குடி, வனக்கிராம இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து வழிகாட்டிகளாக்கியது. கூலி கிடைக்கிறது, மரியாதையும் கிடைக்கிறது, வரவேற்போம். ஆனால் எந்தப் பாதை, எத்தனை பேர், என்ன கட்டணம், எந்த மாதம் மூட வேண்டும் என்று முடிவெடுக்கும் நாற்காலியில் அந்த இளைஞரின் கிராம சபை உட்கார்ந்திருக்கிறதா? தேனெடுக்கவும் கிழங்கு தோண்டவும் தலைமுறை தலைமுறையாக அந்த மக்கள் நடந்த தடம் அது. சொந்தத் தடத்தில் கூலிக்கு வழிகாட்டுவதோடு அவர்கள் பங்கு முடிந்துவிடுகிறது.

ஒகேனக்கல்லையும் பாருங்கள். காவிரியில் நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டத் தடை. பாதுகாப்புக்காகத் தடை போடுவது சரி. ஆனால் தடை நீளும் நாளெல்லாம் பரிசல் ஓட்டியின் வீட்டிலும், எண்ணெய் மசாஜ் செய்பவர் வீட்டிலும், மீன் வறுத்து விற்கும் அம்மாவின் வீட்டிலும் உலை எப்படிக் கொதிக்கும்? ஆறு சுற்றுலாத் தலம் என்றால், அங்கே உழைப்பவர்களின் வேலையில்லா நாள்களுக்கும் அந்தச் சுற்றுலா வருமானத்திலிருந்தே பணம் ஒதுக்க வேண்டும்.

ஆகவே தோழர்களே, நாம் கேட்க வேண்டியவை நான்கு. முதலாவது, வன உரிமைச் சட்டப்படி தனிப்பட்ட உரிமையும் சமூக உரிமையும் வழங்கி முடிக்காத இடத்தில் புதிய சுற்றுலாத் திட்டம் வேண்டாம். இரண்டாவது, கிராம சபையின் ஒப்புதல் இல்லாமல் குடிலோ பாதையோ கூடாது. வேண்டாம் என்று சொல்லவும் அதற்கு உரிமை வேண்டும். மூன்றாவது, வருமானத்தில் பங்கு, கூலியாக மட்டும் அல்லாமல் உடைமையாகவும் வர வேண்டும். தலித், பழங்குடிப் பெண்களின் கூட்டுறவுகளுக்கு நிலமும் கடனும் முதலில் போகட்டும். நான்காவது, துப்புரவு வேலைக்கு இயந்திரமும் முறையான ஊதியமும் வேண்டும், அந்த வேலை ஒரே தெருவின் தலையில் விழக்கூடாது.

இங்கே நிறையப் பேர் ஓசூர் கம்பெனிகளில் ஷிஃப்ட் பார்ப்பவர்கள். விடுமுறை நாளில் நீங்களும் சுற்றுலாப் பயணிதான். போங்கள், மலையேறுங்கள், அருவியில் குளியுங்கள். தொண்ணூறு ஆண்டுக்கு முன் அண்ணலுக்கு மறுக்கப்பட்ட சுதந்திரம் அது. போகிற இடத்தில் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: இந்த இடத்தைப் பற்றி முடிவெடுப்பது யார்? பதில் கிடைக்கும்வரை அந்தப் பலகையில் எழுதியிருக்கிற 'சூழல்' என்ற சொல்லை நம்பிவிடாதீர்கள்.

ஜெய் பீம்.